பழைய பேய்ப் படங்களை ஊர் வாசிகசாலையில் போடப்போகிறோம்: எதை முதலில் போடலாம்?

வவுனிக்குளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஊர் வாசிகசாலை முற்றத்தில் ஐந்து சனிக்கிழமை இரவுகளுக்குப் பழைய பேய்ப் படங்கள் போடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஆசிரியர் ஒருவர் புரொஜெக்டர் தருகிறார். வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரை செய்தாயிற்று.

நான் எழுதி வைத்திருப்பவை: நொஸ்ஃபெராட்டு (1922), ஃபிராங்கன்ஸ்டைன் (1931), கிங் கொங் (1933), காட் பீப்பிள் (1942), கடைசியாக ஜப்பானியக் கொட்சில்லா (1954). வவுனியாவில் அறை எடுத்துப் படித்த காலத்தில் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பயந்தேன் என்பதைவிட, அந்தப் பேய்களில் பாதிக்கு மேல் பாவப்பட்டவை என்ற எண்ணம்தான் மனதில் நின்றது. அதை ஊர்ப் பிள்ளைகளும் உணர வேண்டும் என்று ஆசை.

வருபவர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், எழுபது வயது அப்புவும் இருப்பார். பேச்சே இல்லாத படத்துக்கு அவர்கள் இருப்பார்களா? எந்த ஒழுங்கில் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஒப்பரேற்றர் எழுதியது:

தம்பி, வாசித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. 90களில் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று டெக்கும் ரீவியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான். போர்க் காலம், மின்சாரம் இல்லை. பெற்றோலுக்குத் தடை. ஜெனறேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை கண்ணைக் கரிக்கும். ஜெனறேற்றர் இழுத்து விடும்போதெல்லாம் படமும் சுருங்கி விரியும்.

ஜகன்மோகினி போட்ட இரவு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. 1978இல் விட்டலாச்சாரியா எடுத்த படம். விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்புக்குள் வைக்கும் காட்சியில் கிழவிகள் சிரித்தார்கள், பிள்ளைகள் அவர்களுடைய மடியில் முகம் புதைத்தார்கள். ஒரே காட்சிதான், பாயின் ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் அழுகை. படம் முடிந்த பிறகு அந்த ஒழுங்கையால் ஒருவரும் தனியே போகவில்லை. ஆகவே சனம் இருக்குமா என்ற கவலை வேண்டாம். இருட்டும் பாயும் பக்கத்தில் நாலு பேரும் இருந்தால் சனம் இருக்கும்.

மௌனப் படம் என்கிறோமே தவிர, அவை அந்தக் காலத்தில் மௌனமாக ஓடவில்லை. பெரிய அரங்கில் வாத்தியக் குழு இருந்தது. சின்ன அரங்கில் ஒரு பியானோவாவது இருந்தது. நொஸ்ஃபெராட்டுவுக்கு ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய இசையில் பெரும்பகுதி தொலைந்துபோனது. அதனால் அந்தப் படத்துக்கு யாரும் எங்கும் தங்கள் இசையை வாசிக்கலாம். நாங்கள் ஏன் உடுக்கும் மத்தளமும் வைக்கக் கூடாது?

முதல் இரவு மெலியேஸ் 1896இல் எடுத்த மூன்று நிமிடப் படத்தோடு தொடங்குங்கள். பிசாசின் மாளிகை. வௌவால் பறந்து வந்து பிசாசாக மாறும், சிலுவையைக் கண்டதும் மறையும். பேய்ப் படங்களுக்கெல்லாம் மூத்தது அதுதான் என்று பலரும் சொல்வார்கள். மூன்று நிமிடத்தில் பிள்ளைகளின் கண் பழைய படத்துக்குப் பழகிவிடும்.

கரைச்சி வாத்தியார் எழுதியது:

ஒப்பரேற்றர் அண்ணை சொன்ன மத்தளம் அருமையான யோசனை. நான் நொஸ்ஃபெராட்டு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நீதிமன்றம் கொல்லச் சொன்ன படம்.

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் 1897இல் வந்தது. ஜெர்மனியில் பிரானா என்ற சின்ன நிறுவனம் அனுமதி வாங்காமல் அந்தக் கதையை எடுத்தது. டிராகுலா என்ற பெயரை ஓர்லொக் என்று மாற்றினார்கள். இயக்கியவர் முர்னாவ், பேயாக வந்தவர் மாக்ஸ் ஷ்ரெக். ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸ் விடவில்லை. வழக்குப் போட்டார். நிறுவனம் நொடித்துப்போனது. எல்லாக் கொப்பிகளையும் அழிக்கும்படி 1925இல் தீர்ப்பு வந்தது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில கொப்பிகளால்தான் இன்று அந்தப் படம் நம் கையில் இருக்கிறது.

வெயில் பட்டால் இரத்தக் காட்டேறி அழிந்துவிடும் என்பதைப் பரம்பரை நம்பிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். நாவலில் டிராகுலா பகலில் இலண்டன் தெருவில் நடக்கிறான். சேவல் கூவி, வெளிச்சம் வந்து, உருவம் கரைந்துபோகிற முடிவு இந்தப் படத்தோடுதான் வந்தது.

ஒரு முக்கியமான விஷயம். இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலில் எடுத்துவிட்டு, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைக் கொப்பி இணையத்தில் நிறையக் கிடக்கிறது. அதைப் போட்டால் ஓர்லொக் நடு மத்தியானத்தில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கும். கதையே குழம்பிவிடும். சாயம் உள்ள கொப்பியைத் தேடி எடுங்கள்.

அப்புறம் அந்த நிழல். ஓர்லொக் படியேறும்போது ஆளைக் காட்டவில்லை. கூனிய முதுகும் நீண்ட விரலும் சுவரில் ஏறுகின்றன, அவ்வளவுதான். அதை முதல் முறை பார்த்தபோது எனக்கு எங்கள் மண் வீடுதான் நினைவுக்கு வந்தது. தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தானே படித்தோம். விளக்கு நிலத்தில் இருக்கும். அம்மா எழுந்து குசினிக்குப் போனால் நிழல் சுவரில் ஏறிக் கூரை வரைக்கும் போய் வளையும். விளக்கு தாழ்வாகவும் ஆள் அதற்குக் கிட்டவும் இருந்தால் நிழல் பெருக்கும். முர்னாவ் செய்ததும் அதைத்தான். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த எங்கள் சனத்துக்கு இந்தப் படம் அந்நியமாக இருக்காது என்பது என் நம்பிக்கை.

இரணைமடுக் காற்று எழுதியது:

நான் உயர்தரம் படிக்கிறேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். போனில் இப்போது வருகிற பேய்ப் படங்கள் எல்லாம் பார்க்கிறோம். நொஸ்ஃபெராட்டு பத்து நிமிடம் பார்த்தேன், பயம் வரவில்லை. எனக்கு என்ன பிடிபடவில்லை?

பரண்காரன் எழுதியது:

தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்குக் காட்டோரம் வயல். சின்ன வயதிலிருந்து பரணில் காவல் இருந்தவன். யானையைக் கண்டு பயந்ததைவிட, காணாமல் பயந்ததுதான் அதிகம். முதலில் ஒரு கொப்பு முறியும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் பயம். யானை வெளியே வந்து நின்றுவிட்டால், சரி, வெடியைக் கொளுத்து, தகரத்தில் தட்டு, செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

காட் பீப்பிள் அப்படிப்பட்ட படம். தான் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று பயப்படுகிற ஒருத்தியின் கதை. தயாரித்த வால் லூட்டனுக்கு நிறுவனம் கொடுத்த காசு கொஞ்சம். மிருகத்தைக் காட்டிக்கொண்டிருக்கக் காசில்லை. இயக்கிய ஜாக் டூர்னரும் அவரும் காட்டாமலே செய்தார்கள். ஒருத்தி இரவில் தெருவில் தனியே போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையைக் கூட்டுகிறாள். அப்போது சீறிக்கொண்டு ஒரு சத்தம் வருகிறது. பார்த்தால், பஸ் வந்து நிற்கிறது. இன்றைய படங்களில் திடுக்கிட வைக்கிற எல்லாவற்றுக்கும் அந்த பஸ்தான் தாய். ஆனால் இப்போது எடுக்கிறவர்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய நிசப்தத்தை விட்டுவிட்டார்கள்.

நீங்கள் போனில், லைட் போட்ட அறையில், நடுவில் வந்த மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டு பார்த்திருப்பீர்கள். அந்த நிசப்தம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது. வாசிகசாலைக்கு வாருங்கள். வந்து பார்த்த பிறகும் பயம் வரவில்லை என்றால் அதையும் இங்கே எழுதுங்கள்.

(தேனெடுக்கப் போகிறவர்களைக் கேட்டால் யானையையும் சிறுத்தையையும் சொல்ல மாட்டார்கள், கரடியைத்தான் சொல்வார்கள். கரடிக்கு ஒருவரும் நல்ல படம் எடுக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை.)

இரணைமடுக் காற்று எழுதியது:

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னது போலத்தான் பார்த்தேன், நடுவில் மெசேஜ் வந்தது. வருகிறேன்.

வெள்ளாங்குளத்தாள் எழுதியது:

காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. மௌனப் படம் என் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கிற படம். ஊரில் எந்தப் படம் போட்டாலும் அவர்கள் மற்றவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அரை நிமிடம் பிந்தி. இதில் பிந்த வேண்டியதில்லை.

லொன் சேனியின் ஒபெராவின் ஆவியுருவை (1925) கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். சேனியின் தாய் தகப்பன் இருவருக்கும் காது கேட்காது. சின்ன வயதிலேயே முகத்தாலும் கையாலும் பேசப் பழகிய பிள்ளை அவர். பிறகு ஆயிரம் முகம் கொண்ட மனிதர் என்று பெயர் எடுத்தார். அந்தப் படத்து மண்டையோட்டு முகத்தையும் வேறு யாரும் போட்டுவிடவில்லை, தானே போட்டுக்கொண்டார். முகமூடியைப் பின்னாலிருந்து பறிக்கிற இடத்தில் அவர் வாயைத் திறக்கிறார், சத்தம் வராது. அந்த அலறலைக் கேட்கக் காது தேவையில்லை. என் பிள்ளை ஒருத்தி அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அவன் கோபப்படவில்லை, வெட்கப்படுகிறான் என்று சைகையில் சொன்னாள். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

ஒன்றே ஒன்று. இடையில் வருகிற எழுத்து அட்டைகளை யாராவது உரக்க வாசித்துச் சொல்லலாம் என்று நினைத்திருப்பீர்கள். அது எங்கள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. தமிழில் எழுதித் திரையில் போட வேண்டும். மொழிபெயர்ப்பு வேலையில் நான் கை கொடுக்கிறேன்.

பழைய ஒப்பரேற்றர் எழுதியது:

தங்கச்சி, கட்டாயம். நீங்கள் தமிழை எழுதி அனுப்புங்கள், படத்தில் ஏற்றுவது என் வேலை. எழுத்தைப் பெரிதாகப் போடுவோம், அப்புமாருக்கும் உதவும்.

முள்ளியவளையாள் எழுதியது:

ஃபிராங்கன்ஸ்டைனைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசி வானத்தை மூடியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசிக்கொண்டார்கள். அதில் 18 வயது மேரி ஷெல்லி தொடங்கியதுதான், பிணத் துண்டுகளால் ஓர் உருவத்தைச் செய்து உயிர் கொடுப்பவனின் கதையான ஃபிராங்கன்ஸ்டைன். 1818இல் புத்தகம் வந்தபோது அட்டையில் அவருடைய பெயர் இல்லை. 1931 படத்திலும் தொடக்கத்தில் அந்த உருவமாக நடித்தவருக்கு நேரே ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது. கார்லோஃபின் பெயர் கடைசியில்தான் வரும். கதையில் அந்த உருவத்துக்கே பெயர் இல்லை. செய்தவன் ஃபிராங்கன்ஸ்டைன். ஊர் அந்தப் பெயரைத் தூக்கிச் செய்யப்பட்டவன் தலையில் போட்டுவிட்டது.

ஏரிக்கரைக் காட்சியை உங்கள் கொப்பியில் சரிபாருங்கள் தம்பி. மரியா என்ற சின்னப் பிள்ளை பயப்படாமல் அவனுடைய கையில் பூ கொடுக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் போடுகிறார்கள், அவை மிதக்கின்றன. பூ முடிந்ததும் இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். தணிக்கைக்காரர் தூக்கிப் போடும் இடத்தை வெட்டினார்கள். அடுத்து வருவது தகப்பன் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்சி. இடையில் என்ன நடந்தது என்று தெரியாத பார்வையாளர் இன்னும் கொடியதை நினைத்துக்கொண்டார். அறியாமல் செய்தவன் அறிந்து செய்தவன் ஆகிவிட்டான். வெட்டிய துண்டு 1980களில்தான் திரும்பச் சேர்ந்தது.

கடைசியில் ஊர் முழுக்கத் தீப்பந்தத்தோடு துரத்தி ஆலையோடு எரிக்கிறது. எனக்கு அங்கேதான் நம்முடைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றும் என்று சொல்கிற கொத்தியை நம் கிழவிகள் எரிக்கப் போகவில்லை. படையல் வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று அனுப்பினார்கள். முனிக்கும் அப்படித்தான், காட்டோர மரத்தடியில் ஒரு கல், ஒரு கர்ப்பூரம். பேய்க்கும் பசி இருக்கிறது, அதற்கும் போக ஓர் இடம் வேண்டும் என்பது நம் எண்ணம். கார்லோஃபின் கண்ணைப் பார்த்தால் அந்த உருவம் கேட்பதும் அவ்வளவுதான். அதனால் எங்கள் சனம் இந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கும் என்று நினைக்கிறேன். பந்தம் பிடிக்கிற பக்கம் அவர்கள் நிற்க மாட்டார்கள்.

வவுனிக்குளத்தான் எழுதியது:

அக்கா, என் கொப்பியைப் பார்த்தேன். தூக்கிப் போடும் காட்சி இருக்கிறது. அவன் முகம் மாறி, கையைப் பிசைந்துகொண்டு ஓடுவதும் இருக்கிறது.

கிங் கொங் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் இருக்கட்டும். ஒன்றரை அடி உயரக் குரங்குப் பொம்மையை வில்லிஸ் ஓபிரையன் அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே படம் பிடித்து எடுத்த படம். கொங்கின் மயிர் காற்றில் அலைவது போலத் தெரிவது, பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பேன்.

முல்லைக்கரை எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மற்றப் படங்கள் சரி. கொட்சில்லாவை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.

கடலிலிருந்து ஓர் இராட்சத மிருகம் வருகிறது, நகரம் எரிகிறது, சனம் மூட்டையோடு ஓடுகிறது, வைத்தியசாலைத் தரையில் காயக்காரர் வரிசையாகக் கிடக்கிறார்கள். இப்படி எரிந்ததையும் ஓடியதையும் 2009 இறுதிப் போரில் எங்கள் அம்மா நேரில் கண்டவர். இன்றும் திருவிழாவில் வெடி கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் இதுதான் நிலைமை. மற்றப் பேய்கள் இல்லாதவை, பார்த்துவிட்டு எழுந்து போகலாம். இது அப்படி இல்லை. பொழுதுபோக்காக முற்றத்தில் போடுகிற படமா இது?

கரைச்சி வாத்தியார் எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். அந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வைக்கிறேன், முடிவு உங்களைப் போன்றவர்களுடையதாகவே இருக்கட்டும்.

1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினித் தீவில் ஐதரசன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. 23 பேர் இருந்தார்கள். செப்டெம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3ஆம் திகதி கொட்சில்லா வெளிவந்தது. படம் தொடங்குவதே கடலில் ஒரு வெளிச்சமும் காணாமல் போகிற கப்பலும்தான். இயக்கிய இஷிரோ ஹொண்டா போரிலிருந்து ஊர் திரும்பும்போது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். பார்க்க வந்தவர்கள் ஒன்பது வருடத்துக்கு முன் டோக்கியோ எரிந்ததைக் கண்டவர்கள். எரியும் தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று சொல்கிறாள். அதை வேடிக்கைக்காக ஒருவரும் எழுதவில்லை.

அந்த உறுமல்கூட எந்த மிருகத்துடையதும் இல்லை. இசையமைத்த இஃபுகுபே, பெரிய பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியைப் பிசின் பூசிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த சத்தம். கேட்டால் அழுகையும் அதில் இருக்கும்.

முல்லைக்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா, அவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து, தெரிந்துகொண்டு வந்தார்கள். எங்கள் முற்றத்துக்கு வருகிறவர்கள் குரங்குப் படத்துக்கு வந்தது போலப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பரண்காரன் எழுதியது:

முல்லைக்கரை சொல்வதோடு நான் நிற்கிறேன். சொல்லாமல் போடக் கூடாது. ஆனால் அவர்களுக்குப் பதிலாக நாங்களே முடிவெடுத்து எடுத்துவிடுவதும் சரியா தெரியவில்லை. அம்மாமாரிடம் கேட்டீர்களா?

வவுனிக்குளத்தான் எழுதியது:

கேட்கவில்லை. அது என் பிழை. நாளைக்கே கேட்கத் தொடங்குகிறேன்.

இப்படிச் செய்யலாமா? கொட்சில்லாவைச் சனிக்கிழமை முற்றத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளாங்குளத்து அக்கா கேட்ட லொன் சேனி படத்தைப் போடுகிறோம். கொட்சில்லாவை வேறொரு நாள், பகல் வேளையில், வாசிகசாலைக்குள், கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, விரும்புகிறவர்களுக்கு மட்டும். கதவு திறந்திருக்கும், சத்தம் குறைவாக இருக்கும். 1956இல் அமெரிக்கர்கள் வெட்டி ஒட்டிய கொப்பியைத் தவிர்த்து, ஜப்பானிய மூலத்தைத் தமிழ் எழுத்தோடு போடுவோம்.

கரைச்சி வாத்தியார் எழுதியது:

சம்மதம். மத்தளத்துக்கு ஓர் அண்ணாவியாரிடம் பேசினேன். கோவலன் கூத்துக்கு வாசிப்பவர். படத்தைச் சத்தம் இல்லாமல் இரண்டு தரம் பார்க்க வேண்டும், ஓர்லொக்கின் நடைக்குத் தாளம் பிடிக்க வேண்டும் என்கிறார். இந்த ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறார்.

முல்லைக்கரை எழுதியது:

நேற்று இரவு அம்மாவிடம் கொட்சில்லாக் கதையைச் சொன்னேன். கடைசியில் அதை அழித்த விஞ்ஞானி, அந்த ஆயுதம் வேறு யார் கையிலும் போகக் கூடாது என்று குறிப்புகளை எரித்துவிட்டுத் தானும் கடலுக்கு அடியிலேயே இறந்துபோவது வரை சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சனம் எந்தப் பக்கம் ஓடியது, கடல் பக்கமா என்று கேட்டார். இல்லை, கடலிலிருந்துதான் அது வந்தது, சனம் கரைக்குள்ளே ஓடியது என்றேன். எங்களுக்குப் பின்னால் கடல்தானே இருந்தது என்றார்.

பகலில் போடுகிற நாளைச் சொல்லுங்கள். அம்மா வருகிறாராம். கதவோரம் இரண்டு கதிரை வேண்டும்.